பிரேக்கை நான் மிதிக்கவில்லை

அம்மணி,

நீ ஆபீசுக்குப் போயிருக்கிறாய். உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பாப்பா எதிரே உட்கார்ந்து, தாத்தா என்ன ஹோம்வொர்க் எழுதுகிறார் என்று எட்டி எட்டிப் பார்க்கிறாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகளுக்குக் கடிதமா என்று நீ சிரிப்பாய். நேரில் சொல்ல மூன்று தடவை வாயைத் திறந்தேன். ஒவ்வொரு தடவையும் காப்பி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். அதில் ஒரு தடவை நான் குடித்தது வெறும் சுடுதண்ணீர்.

அடுத்த வாரம் நீ ஜெர்மனிக்கு விமானம் ஏறுகிறாய். ஆறு மாதம். மாப்பிள்ளை ஓசூரிலிருந்து சனி, ஞாயிறுதான் வருவார். பாப்பாவைப் பார்த்துக்கொள்ளத்தான் நானும் உன் அம்மாவும் பொள்ளாச்சி வீட்டைப் பூட்டிக்கொண்டு இங்கே வந்திருக்கிறோம். முந்தாநாள் நீ ஸ்கூல் வேன்காரரைக் கூப்பிட்டு, இந்த மாதத்தோடு வேன் வேண்டாம் என்று சொன்னாய். பிறகு மாப்பிள்ளையிடம் போனில் பேசினாய். "அப்பாவே கார்ல கொண்டுபோய் விட்டுருவாருங்க. முப்பத்திரண்டு வருசம் வால்பாறை ரோட்ல பஸ் ஓட்டுனவரு. எனக்குப் பயமே இல்லீங்க" என்றாய். நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு எனக்குப் பேப்பரும் ஓடவில்லை, சோறும் இறங்கவில்லை. நீ போவதற்கு முன் உனக்கு ஒரு உண்மை தெரிய வேண்டும். அது தெரிந்த பிறகு பாப்பாவை எங்களிடம் விட்டுப் போவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்துகொள்.

என் காலைப் பற்றி உனக்குத் தெரியும். தெரியாமல் இருக்குமா, சின்ன வயதிலிருந்து அந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டு உனக்குக் காது புளித்திருக்கும். வால்பாறை ரோட்டில் நாற்பது கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது சும்மா சும்மா பிரேக்கை மிதித்தால் டிரம் சூடேறிக் கடைசி வளைவில் கைவிட்டுவிடும். கியரில் பிடித்து, எங்கே எவ்வளவு மிதிக்க வேண்டுமோ அவ்வளவு மட்டும் மிதிக்க வேண்டும். நான் ஓட்டினால் நிற்கிற கர்ப்பிணிகூடக் கம்பியைப் பிடிக்க வேண்டியதில்லை என்று எஸ்டேட் ஜனங்கள் சொல்வார்கள். ஒரு ஆளை இடித்ததில்லை. ரிட்டயர் ஆன அன்றைக்கு எனக்கு மாலை போட்டார்கள். மாலையை வலது காலுக்குத்தான் போட்டிருக்க வேண்டும் என்று வீட்டுக்கு வந்து சொன்னேன். உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் நீ போன வருடம் இந்தக் காரை வாங்கிக் கொடுத்தாய். கிளட்ச் இல்லாத கார். இடது காலுக்கு வேலையே இல்லை, பென்ஷன் கொடுத்துவிட்டாயா என்று கேட்டேன். தானாகப் பிரேக் பிடிக்கும் என்று நீ சொன்னதும் வலது காலுக்கும் கோபம் வந்துவிட்டது. உன் வேலையே அதைச் சோதித்துப் பார்ப்பதுதான் என்பது எனக்குத் தெரியும். பொம்மை மனிதனை ரோட்டில் ஓடவிட்டு, கார் நிற்கிறதா என்று பார்க்கிற வேலை. பொம்மைக்கு முன்னால் நிற்கிற வண்டி ஆட்டுக்கு முன்னால் நிற்குமா என்று நான் கிண்டல் செய்தேன். ஆடு மாட்டையெல்லாம் நம்பிச் சொல்ல முடியாதுங்கப்பா, பனியிலும் பெருமழையிலும்கூட அது தடுமாறும் என்று நீ நேர்மையாகத்தான் சொன்னாய். நான்தான் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

இதே மேசையில் உட்கார்ந்து நீ எனக்கு விளக்கிக் காட்டினாய், ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர்ச் சொம்பு கார். உப்புக் கிண்ணம் குறுக்கே வருகிற ஆள். முன்பக்கக் கம்பெனிச் சின்னத்துக்குப் பின்னால் ஒரு ரேடார் இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரியாத அலையை அனுப்புகிறது, எதிரே இருப்பதில் பட்டுத் திரும்பி வருவதை வைத்து எவ்வளவு தூரம், எவ்வளவு வேகமாக நெருங்குகிறோம் என்று கண்டுகொள்கிறது என்றாய். முன்பக்கக் கண்ணாடியின் உச்சியில் இருக்கும் கேமரா, வருவது ஆளா, சைக்கிளா, லாரியா என்று அடையாளம் பார்க்கிறது என்றாய். அப்புறம் நீ சொன்னதுதான் எனக்கு மனதில் தங்கியது. "அது தூரத்தை மட்டும் பார்க்கறதில்லீங்கப்பா. இப்படியே போனா இன்னும் எத்தனை செகண்ட்ல மோதும்னு பார்க்குது." முதலில் சத்தம் போட்டு எச்சரிக்கும். ஓட்டுகிறவர் ஒன்றும் செய்யாவிட்டால் லேசாகப் பிரேக் பிடிக்கும். இனி அவரால் முடியாது என்று தெரிந்தால் தானே முழுப் பிரேக்கையும் போடும், சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொண்டு. சொம்பு கிண்ணத்துக்கு ஒரு விரல் முன்னால் நின்றது. நானும் அந்த முப்பத்திரண்டு வருடம் செகண்டைத்தான் எண்ணினேன் அம்மணி, அப்போது அதற்குப் பெயர் தெரியாது, அவ்வளவுதான். அதை அன்றைக்கு உன்னிடம் ஒத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்றும் கேட்டேன். அது தப்பாகப் பிரேக் போட்டால் நான் என்ன செய்வது என்று. நீ சொன்னாய்: "நம்ம கார்ல நீங்க ஆக்ஸிலேட்டரை நல்லா அழுத்துனீங்கன்னா அது விட்டுக்கொடுத்துருமுங்க. ஓட்டறவரு வேணும்னுதான் மிதிக்கறாருன்னு எடுத்துக்கும்." அதைக் கேட்டு எனக்குத் திருப்தியாக இருந்தது. என்ன இருந்தாலும் கடைசி வார்த்தை டிரைவருடையது என்று உன் அம்மாவிடம் மீசையை முறுக்கினேன். இந்த ஒரு விஷயத்தை மறந்துவிடாதே, பின்னால் இதற்குத்தான் வருகிறேன்.

ஆயுத பூஜைக்கு நான் செய்த காரியத்தைப் பார். பஸ்ஸுக்குப் பூஜை போட்ட பழக்கம் கையை விட்டுப் போகுமா? முகப்பில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினேன், மாலை போட்டேன். கண்ணாடியின் உச்சியில் விபூதிப் பட்டை அடித்தேன். முன்பக்கச் சின்னத்தின் மேல் அரை விரல் கனத்துக்குச் சந்தனம் அப்பி நடுவில் குங்குமம் வைத்தேன். பஸ்ஸுக்கு அங்கேதான் நெற்றி. மறுநாள் வண்டியை எடுத்தால் முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது, இங்கிலீஷில் ஏதோ எழுத்து வந்தது. புது வண்டி, ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து நீ வந்து பார்த்துவிட்டு, ரேடாரையும் கேமராவையும் சேர்த்து அடைத்து வைத்திருக்கிறீர்களே என்று ஈரத்துணியை எடுத்துக்கொண்டு போனாய். பூஜைச் சந்தனத்தைத் துடைக்கலாமா கண்ணு என்று உன் அம்மா பதறினாள். "கண்ணு மேலயே அப்புனா சாமிக்கும் ஒண்ணும் தெரியாதுங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே நீ துடைத்தாய். அவள் மனம் கோணக் கூடாது என்று பானெட் நடுவில் புதிதாக ஒரு பொட்டும் வைத்தாய். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். நீ ஊருக்குக் கிளம்பும்போதுகூடச் சரியாகப் பேசவில்லை.

அது நடந்து ஒரு வாரம் இருக்கும். உன்னைப் பார்க்க நானும் உன் அம்மாவும் பொள்ளாச்சியிலிருந்து வந்துகொண்டிருந்தோம். உக்கடத்தில் ஓரமாக ஒரு லாரி நின்று வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. பெரிய வேகம் ஒன்றுமில்லை. லாரிக்கு முன்னாலிருந்து ஒரு பெரியவர் ரோட்டுக்குள் வந்தார். வலது தோளில் பவானி ஜமக்காளக் கட்டு. அந்தக் கட்டு அவர் முகத்தையே மறைத்தது, அவருக்கு என் பக்கம் தெரியவில்லை. எனக்கு அவர் நன்றாகத் தெரிந்தார். லாரியைத் தாண்டி இரண்டு எட்டு வைத்துவிட்டார். எனக்கு அந்த இரண்டு எட்டு தாராளம். மிதி என்று மனம் சொன்னது, மிதித்தேன். கார் ஏதோ கீச்சென்று கத்தியது, முன்னால் சிவப்பாக மின்னியது, பெல்ட் நெஞ்சை அழுத்தியது, உன் அம்மாவின் பை காலடியில் விழுந்தது. வண்டி நின்றுவிட்டது. பெரியவர் ஒரு கையைப் பானெட்டின் மேல் ஊன்றி நின்றார். ஜமக்காளக் கட்டு பம்பருக்கு முன்னால் கிடந்தது.

நான் மூச்சு விட்டேன். கார் மறுபடி ஏதோ சத்தம் போட்டது. பிரேக்கை மிதி என்று முன்னால் எழுத்து வந்தது. மிதித்துக்கொண்டுதானே இருக்கிறேன் என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். என் கால் ஆக்ஸிலேட்டரின் மேல் இருந்தது அம்மணி. அழுத்தாமல், சும்மா, வைத்த இடத்திலேயே இருந்தது. நகரவே இல்லை. கண்ணால் பார்த்துக்கொண்டே அந்தக் காலைத் தூக்கிப் பிரேக்கில் கொண்டுபோய் வைத்தேன். நான் பிரேக் மிதித்தது அப்போதுதான்.

இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் மனிதன். கூட்டம் கூடிவிட்டது. அண்ணன் நேரத்துக்கு மிதித்தார், இல்லையென்றால் அவ்வளவுதான் என்று ஒருவர் சொன்னார். டிரைவர் வேலையா, எங்கே ஓட்டினீர்கள் என்று இன்னொருவர் கேட்டார். உன் அம்மா எனக்கு முன்னால் முந்திக்கொண்டு, வால்பாறை பஸ் என்றாள். அந்தப் பெரியவர், எல்லோரும் பாய் என்று கூப்பிட்டார்கள், கோட்டைமேட்டில் ஜமக்காளக் கடை வைத்திருக்கிறவர், என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். கட்டைப் பிரித்துச் சிவப்பும் பச்சையும் பட்டை போட்ட ஒரு ஜமக்காளத்தை எடுத்து உன் அம்மா மடியில் வைத்தார். நான் வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னேன், இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டேன். பாப்பா தினமும் உருண்டு விளையாடுகிறாளே, அதே ஜமக்காளம்தான்.

அன்று சாயங்காலம் நீ கேட்டாய், எச்சரிக்கைச் சத்தம் எப்போது வந்தது, கார் தானாகப் பிடித்ததா என்று. உனக்கு அது வேலை, அதனால் ஆர்வமாகக் கேட்டாய். "அதுக்கெல்லாம் முன்னாடியே நான் மிதிச்சுப்போட்டேன் கண்ணு" என்றேன். நீ அதை நம்பினாய். எங்கப்பா மெஷினுக்கே முந்திவிட்டார் என்று உன் ஆபீசில் எல்லோரிடமும் சொன்னதாக அடுத்த நாள் சொன்னாய். என் வாழ்க்கையில் நான் உன்னிடம் சொன்ன பொய்களில் மோசமானது அது. அதை நீ பெருமையோடு சுமந்துகொண்டு திரிந்தாய்.

கால் ஏன் நகரவில்லை என்று கேட்பாய். அதையும் மறைத்துத்தான் வைத்திருந்தேன். சர்க்கரை எனக்குப் பன்னிரண்டு வருடமாக இருக்கிறது, அது உனக்குத் தெரியும். ஒரு வருடத்துக்கு மேலாகப் பாதம் மரத்துப்போய்க்கொண்டு வருகிறது, அது தெரியாது. கோயில் வாசலில் ஒரு நாள் ஒரு செருப்பு கழன்று கிடக்க, இன்னொரு செருப்போடு பத்தடி நடந்து போயிருக்கிறேன். உன் அம்மா எடுத்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தாள். வண்டி ஓட்டுவதை நிறுத்துங்கள் என்று டாக்டர் சொன்னார். அவர் என்ன பஸ் ஓட்டியிருக்கிறாரா என்று கேட்டுவிட்டு, இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று உன் அம்மாவிடம் சத்தியம் வாங்கினேன். ஒரு வருடமாக அவள் வாயைக் கட்டிப்போட்டிருந்தேன். அவளைத் திட்டாதே, அந்தத் திட்டும் எனக்கே சேர வேண்டியது.

போன வாரம் பஸ் பிடித்துக் கோட்டைமேட்டுக்குப் போனேன். அந்த ஜமக்காளத்தை மடித்து எடுத்துக்கொண்டுதான் போனேன். துவைக்கப் போடுகிறேன் என்று பாப்பாவிடம் சொன்னேன். பாய் கடையில் இருந்தார். உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். டீயைக் குடித்து முடித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னேன். என் கால் நகரவே இல்லை, கார்தான் நின்றது, அந்த மாதிரி தானாகப் பிடிக்கிற பிரேக்கைச் சோதித்துப் பார்க்கிற வேலையைத்தான் என் மகள் செய்கிறாள், நான் துடைக்காமல் வைத்திருந்த சந்தனத்தைத் துடைத்துவிட்டுப் போனவளும் அவள்தான் என்று எல்லாம் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். ஜமக்காளத்தை என் பக்கமே திருப்பித் தள்ளினார்.

"நான் நிக்கறனுங்களே, அது போதுமுங்க. குழந்தை விளையாடட்டும், எடுத்துட்டுப் போங்க" என்றார். பிறகு, "உங்க மககிட்டச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "என்னைக் காப்பாத்துனது அந்தப் புள்ளதானுங்க. அதுக்கே தெரியாம இருக்கலாமுங்களா?" என்றார்.

அந்தக் கேள்வியோடுதான் திரும்பி வந்தேன். நான் என் பெருமையைக் காப்பாற்றிக்கொண்டதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். உனக்குச் சேர வேண்டியதை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது அவர் சொன்ன பிறகுதான் உறைத்தது. நீ பொம்மையை ஓடவிட்டுப் பார்த்த வெயில் நாட்கள் எத்தனை, முகமெல்லாம் கருத்து வீட்டுக்கு வந்த நாட்கள் எத்தனை. பெண் பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று நான் கேட்ட நாளும் உண்டு. நம் காரைச் செய்தவர்கள் வேறு யாரோ, அதில் உன் கை எவ்வளவு இருக்கிறது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்தக் காரைத்தான் வாங்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவள் நீ. ஈரத்துணியோடு போனவள் நீ. என் கோபத்தைப் பொருட்படுத்தாத உன் பிடிவாதத்துக்கு நான் காலமெல்லாம் நன்றி சொல்ல வேண்டும். ஒரு மனிதனைக் கொன்ற கையோடு நான் இந்த மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டியவன். பாப்பாவின் எதிரே நிம்மதியாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கார்தான் காப்பாற்றுகிறதே, அப்புறம் ஓட்டினால் என்ன என்று உன் நல்ல மனசு ஒரு நிமிடம் நினைக்கும். நினைக்காதே. அன்றைக்கு என் கால் சும்மா இருந்தது, அதனால் கார் தன் வேலையைச் செய்தது. மரத்துப்போன கால் ஒரு நாள் பிரேக் என்று நினைத்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதிக்கும். அப்போது நீ சொன்ன மாதிரி கார் விட்டுக்கொடுத்துவிடும். டிரைவர் வேண்டுமென்றுதான் மிதிக்கிறார் என்று மரியாதையாக எடுத்துக்கொள்ளும். பின் சீட்டில் பாப்பாவை வைத்துக்கொண்டு அந்த மரியாதை எனக்கு வேண்டாம்.

கார்ச் சாவி இந்தக் கவரிலேயே இருக்கிறது. இன்னொரு சாவி உன் அம்மாவிடம், அவள் எங்கே ஒளித்து வைத்திருக்கிறாள் என்று எனக்கே தெரியாது. வேன்காரரை நேற்றே போய்ப் பார்த்துவிட்டேன், பாப்பாவின் இடத்தை அவர் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. உன் வாயால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும் என்கிறார். நீ எங்களை நம்பி விட்டுப் போனால், தெருமுனையில் வேன் நிற்கிற இடம் வரைக்கும் பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் நடப்பேன். நடக்கும்போது ஒவ்வொரு எட்டுக்கும் குனிந்து காலைப் பார்த்துக்கொள்ளலாம். வண்டி ஓட்டும்போது அது முடியாது. மாப்பிள்ளையும் இதைப் படிக்கட்டும். உன் ஆபீசில் யாரிடமெல்லாம் பெருமையாகச் சொன்னாயோ அவர்களும் படிக்கட்டும், எனக்கு வெட்கமில்லை.

திட்டுவதாக இருந்தால் இன்று இரவே திட்டி முடித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை உனக்கு லீவுதானே, என்னோடு கோட்டைமேட்டுக்கு வா. பஸ்ஸில் போகலாம், நான் டிக்கெட் எடுக்கிறேன். அங்கே ஜமக்காளக் கடை வாசலில் ஒரு பெரியவர் இரண்டு காலில் நின்று வியாபாரம் செய்துகொண்டிருப்பார். விமானம் ஏறுவதற்கு முன் நீ அவரை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும்.

உன் அப்பா